முன்விளிம்பைத் தேய்த்ததில் இறக்கை அலை அலையாகிவிட்டது: திருத்தலாமா, புதிதாகச் செய்வதா?

காவிரிக்கரை (திருச்சி):

வணக்கம். மூன்று வருடமாக ஃபோம் மாடல் விமானங்களை மட்டுமே பறக்கவிட்டு வந்தவன், இந்தத் தீபாவளி விடுமுறையில் முதல்முறையாகப் பால்சா என்ற இலேசான மரத்தில் கை வைத்தேன். உடம்பும் வாலும் ஒழுங்காக வந்துவிட்டன. இறக்கையில்தான் மாட்டிக்கொண்டேன்.

மேலிறக்கை ட்ரெயினர், அதாவது பழகுவதற்கான விமானம். மொத்தம் 1.4 மீட்டர், 700 மி.மீ. நீளத்தில் இரண்டு பாதி. முன்னிருந்து பின் வரை 230 மி.மீ., நுனி வரை அதே அகலம். கிளார்க் ஒய் என்ற தட்டையடி இறக்கை வடிவத்தில் ரிப்புகள் (குறுக்கு விலாக்கள்), 60 மி.மீ.க்கு ஒன்று. மேலும் கீழும் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு உத்திரம்) வரை 1.5 மி.மீ. பால்சா ஷீட். முன்விளிம்புக்கு 10க்கு 18 மி.மீ. பால்சா சட்டம். எல்லாவற்றுக்கும் தண்ணீர் மாதிரி இருக்கும் சி.ஏ. (சூப்பர் க்ளூ) பசை.

சட்டத்தை உருட்டுவதற்கு 120 நம்பர் உப்புத்தாளை நாலாக மடித்து, விரலால் அழுத்தித் தேய்த்தேன். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. மாடியில் காயவைத்திருந்த வத்தல் முழுக்கத் தூள் படிந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. தடவிப் பார்த்தபோது வழவழவென்றுதான் இருந்தது. மேலே போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிப் பறக்கவிட்டேன். இறங்கும்போது வேகம் குறைந்ததும் இடது இறக்கை சட்டென்று சாய்ந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே இடது. இந்தத் தடவை சக்கரக் கம்பி பிய்ந்துவிட்டது.

ஃபிலிமை உரித்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு ரிப்பும் ஒட்டிய மாட்டின் விலா எலும்பு மாதிரி தெரிகிறது. சட்டமும் ஷீட்டும் சேரும் இடத்தில் பசைக் கோடு வரப்பு மாதிரி நிற்கிறது, அதை ஒட்டி ஒரு வாய்க்கால். இடது பாதியில் மூன்றாவது, நான்காவது ரிப்புகளுக்கு நடுவே ஷீட் தேய்ந்து, உள்ளே போன் டார்ச் பிடித்தால் வெளிச்சம் வெளியே வருகிறது. முன்விளிம்பு இடதில் கூராகவும் வலதில் மழுங்கலாகவும் இருக்கிறது.

என்ன செய்யலாம்? புதிதாகக் கட்டத் தெம்பு இல்லை. ஆனால் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லிவிடுங்கள்.

மெரினா காற்று:

இதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். பள்ளத்தில் சுவர்ப் பட்டியைத் தடவிக் காயவைத்து ஒரு தேய், மேலே ஃபிலிம். வெளியே ஒன்றும் தெரியாது. ட்ரெயினர்தானே, போட்டிக்கா போகிறது? இறங்கும்போது வேகத்தை விடாமல் இறக்குங்கள், அவ்வளவுதான்.

பேட்டர்ன் மேசை (கோவை):

பட்டியை மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி. சுவருக்கு நல்லது, இறக்கைக்குக் கல். அந்த எடையும் முன்விளிம்பில் போய் உட்காரும், இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் இருக்காது. அப்புறம் பட்டி பால்சாவைவிடக் கெட்டி. அதைத் தேய்க்கப் போனால் பக்கத்து மரம்தான் தேயும். இப்போது பசைக் கோட்டில் நடந்ததும் இதுவேதான்.

இறக்கை தேறும். இடதில் அந்த இரண்டு ரிப்புக்கு நடுவே ஒரு கட்டம் ஷீட் மாற்ற வேண்டும், முன்விளிம்புச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

நான் இங்கே ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் 31 வருடம் இருந்தேன். பம்பு செட் உடல், இம்பெல்லர் எல்லாவற்றுக்கும் முதலில் மரத்தில் அச்சு செய்து, அதை மணலில் பதித்துத்தான் இரும்பு ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் எங்கள் ஸ்கேலே மீட்டருக்கு 10 மி.மீ. போலக் கூடுதலாக இருக்கும். மரத்தில் அரை மில்லி தப்பு செய்தால் நூறு இரும்புத் துண்டில் அந்தத் தப்பு வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

உப்புத்தாளைக் கொண்டே வடிவம் கொண்டுவரப் பார்த்தீர்கள், சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. வடிவத்தை இழைப்புளி கொடுக்கும். உப்புத்தாள் அதன் தழும்பை எடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் சட்டம் 10க்கு 18, அதாவது 180 சதுர மில்லி. கிளார்க் ஒய் மூக்காக (முன்விளிம்பு வடிவமாக) மாறியபின் மிஞ்சுவது சுமார் 100. கிட்டத்தட்ட பாதி மரம் போக வேண்டும். அவ்வளவையும் 120 நம்பர் தாளில் விரலால் எடுக்க உட்கார்ந்தால் கை எங்கே ஓய்கிறதோ அங்கே மேடு, எங்கே கோபம் வருகிறதோ அங்கே பள்ளம். ஷேவிங் பிளேடு மாட்டும் சின்ன இழைப்புளி ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிவிடுங்கள். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மொண்ணைப் பிளேடு பால்சாவை வெட்டாது, பிய்க்கும். எந்தத் திசையில் இழைத்தால் நார் எழும்புகிறதோ அங்கே நிறுத்தி, மறுமுனையிலிருந்து வாருங்கள்.

சதுரத்திலிருந்து நேராக உருண்டைக்குப் போகாதீர்கள். கோயிலில் லிங்கத்தின் மேல்பாகம் மட்டும்தான் நம் கண்ணுக்கு உருண்டையாகத் தெரியும். ஆவுடையாருக்குள் மறைந்திருக்கும் பாகம் எட்டுப்பட்டை, அதற்கும் கீழே சதுரம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரி இதைச் சொல்லித்தான் உருளை இழைக்க வைத்தார்: நாலு, எட்டு, பதினாறு, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உருட்டு. பட்டை என்பது தட்டையான முகம். அது அகலம் மாறாமல் ஓடுகிறதா என்று ஒரு முனையிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். உருண்டையில் தப்பு இருந்தால் கண்ணுக்கு அகப்படாது. நீங்கள் தடவிப் பார்த்தபோது வழவழ என்று இருந்தது அதனால்தான்.

இப்போது அளவு. உங்கள் 230க்குக் கிளார்க் ஒய் கணக்கு போட்டுத் தருகிறேன். இறக்கையின் தட்டையான அடி மேசையில் படிந்திருக்க, மூக்கின் நுனி மேசையிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். நுனியிலிருந்து 3 மி.மீ. உள்ளே வந்தால் மேல் கோடு 12.5, கீழ்க் கோடு 4.5. 6 மி.மீ. உள்ளே 15, 3.4. சட்டம் முடிந்து ஷீட் தொடங்கும் 10 மி.மீ.இல் 17.4, 2.4. மூக்கு நட்டநடுவில் இல்லை, கீழே தள்ளி இருக்கிறது, பாருங்கள். புதிதாகச் செய்பவர்கள் பென்சில் முனை மாதிரி இரண்டு பக்கமும் சமமாக உருட்டிவிடுவார்கள். அது வேறு இறக்கை.

சட்டத்தை ஒட்டியதும் முன்முகத்தில் 8 மி.மீ. உயரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். பேனா முனை அந்த உயரத்தில் வரும்படி பேனாவை ஒரு கட்டை மேல் படுக்கவைத்து, கட்டையை மேசையோடு நகர்த்தினால் கோடு வளையாது. கடைசி வரை அந்தக் கோடு அழியக் கூடாது. அழிந்தால் மூக்கு பின்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

ஷீட்டின் ஓரத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். முதலில் சட்டத்தின் மேல்முகமும் கீழ்முகமும் டேப்போடு சமமாகும் வரை இழையுங்கள். அப்புறம் மேலே ஒரு சரிவு, கீழே ஒரு சரிவு. பிறகு அந்தச் சரிவுகளின் முனைகளை உடைத்து இன்னும் இரண்டிரண்டு. மூக்குக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு மில்லி விட்டுவிடுங்கள். இடது இறக்கையில் ஒரு பட்டை எடுத்தால் உடனே வலதிலும் அதே பட்டை. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கினால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் வரும், இரட்டையாக வராது.

அடுத்து உப்புத்தாள். விரல் கூடாது. ஜன்னல் வேலை செய்யும் அலுமினியக் கடையில் பாக்ஸ் செக்‌ஷன் துண்டு கேளுங்கள், என்னுடையது 450 மி.மீ. நீளம். சமையலறை கிரானைட் மேடையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு முகத்தில் 80 நம்பர், எதிர்முகத்தில் 180, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். கட்டைக்குக் கீழே எப்போதும் மூன்று ரிப்பாவது இருக்க வேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் ஒரே விதி. உங்கள் 60 மி.மீ. இடைவெளிக்கு 180க்குக் குறைந்த கட்டை உதவாது.

அழுத்தவும் கூடாது. 1.5 ஷீட் ரிப்புகளுக்கு நடுவே வெறும் காற்றின் மேல் நிற்கிறது. அழுத்தினால் நடு கீழே வளையும், கட்டை ரிப்பு மேல் இருக்கும் மரத்தை மட்டும் தின்னும். கையை எடுத்ததும் நடு பழையபடி எழும்பிவிடும். கட்டையின் சொந்த எடை போதும். அழுத்தினால்தான் தேய்கிறது என்றால் தாள் செத்துவிட்டது, மாற்றுங்கள். தாளை மிச்சம்பிடித்து இறக்கையைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

கடைசி உருட்டலுக்கு மட்டும் ஷூ பாலிஷ் போடுவது போல. 180 தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, கிழியாமல் இருக்க முதுகில் பேக்கிங் டேப் ஒட்டி, மூக்கைச் சுற்றி இழுங்கள். ஒரு இடத்தில் மூன்று இழுப்பு, அப்புறம் நகர்ந்துவிடுங்கள். நான்காவது இழுப்பில் பட்டையின் ஓரம் ஷீட்டை அறுக்கும்.

சரிபார்க்க, காலாவதியான ஏ.டி.எம். கார்டில் மேலே சொன்ன அளவுக்கு மூக்கு வடிவத்தை வெட்டுங்கள். கார்டின் அடியை இறக்கையின் அடியோடு சேர்த்து வைத்து, பின்னால் டியூப் லைட் இருக்கும்படி பாருங்கள். வெளிச்சம் எங்கே ஒழுகுகிறதோ அங்கே பள்ளம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் கார்டின் உள்விளிம்பில் பென்சில் கரியைத் தடவி லேசாக ஆட்டுங்கள். மேட்டில் கரி ஒட்டும், அங்கே மட்டும் தேயுங்கள். பொருத்து வேலையில் இரும்புக்கு நீலச் சாயம் தடவுவோம், அதே வித்தைதான். 100 மி.மீ.க்கு ஒரு இடம் பாருங்கள், இரண்டு இறக்கையிலும் அதே கார்டு.

இப்போது பழுது. மெலிந்த கட்டத்தை இரண்டு பக்கமும் ரிப்பின் நடு வரை வெட்டி எடுங்கள். ரிப்பின் பக்கத்தில் 3 மி.மீ. பால்சா குச்சி ஒட்டினால் புது ஷீட் உட்கார இடம் கிடைக்கும். முன்விளிம்பு ஒட்டுக்குத் தண்ணீர் மாதிரி சி.ஏ. வேண்டாம். அது மரத்துக்குள் ஊறி, ரிப்பின் மேலே ஷீட்டையும் கல்லாக்கிவிட்டது. உங்கள் விலா எலும்பு அதுதான். சாதாரண வெள்ளைப் பசையும் தேய்த்தால் ரப்பர் மாதிரி உருளும். மரவேலைக்கான மஞ்சள் பசை கிடைத்தால் அதைப் போடுங்கள், காய்ந்தபின் ஒழுங்காகத் தேயும். எதைப் போட்டாலும் ஒட்டின் மேல்புறம் ஒரு மில்லி பசை இல்லாமல் விட்டுவிடுங்கள், தாள் படும் இடத்தில் பசை இருக்கக் கூடாது.

சின்னப் பள்ளத்துக்கு மரச்சாமானுக்குப் பூசும் சாண்டிங் சீலரில் முகப்பவுடர் குழைத்துத் தடவலாம். பழைய மாடல்காரர்கள் டோப்பில் (இறக்கைத் தாளை இறுக்கப் பூசும் வார்னிஷ்) பவுடர் கலந்து செய்ததுதான். விரல் அழுத்திய குழி மட்டும் என்றால் அதுவும் வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் காட்டுங்கள். நசுங்கிய மரம் உப்பி மேலே வந்துவிடும்.

மூக்கில் மாஸ்க் கட்டாயம், என்95. பால்சா தூள் இலேசு, அறையில் ரொம்ப நேரம் மிதக்கும். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. நான் வேலையில் இருந்தபோது துண்டைக் கட்டிக்கொண்டு இழைத்தவன், இப்போது வருந்துகிறேன். வத்தல் காயும் மாடியில் தேய்க்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

க்ரோம்பேட்டை ஏரோ:

பேட்டர்ன் ஐயா எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். விமானவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஏன் இடது சாய்ந்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

வேகம் குறையும்போது விமானத்தின் மூக்கைத் தூக்குகிறோம். அப்போது காற்று இறக்கை மூக்கின் அடிப்பக்கத்தில் பட்டு, முன்விளிம்பைச் சுற்றி வளைந்து மேலே ஏற வேண்டும். மூக்கு உருண்டையாக இருந்தால் ஒட்டிக்கொண்டே வளையும். கூராக இருந்தால் அந்தத் திருப்பத்தில் பிரிந்துவிடும், அந்தப் பக்கம் தூக்குவிசை திடீரென்று விழும். அண்ணனின் இடது கூர், வலது மழுங்கல். அதனால் ஒவ்வொரு தடவையும் இடது முதலில் ஸ்டால் ஆகியிருக்கிறது, அதாவது தூக்குவிசையை இழந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி கூராக இருந்திருந்தால்கூட நேராகத் தலை குப்புறத்தான் விழுந்திருக்கும், பக்கவாட்டில் புரண்டிருக்காது.

இன்னொன்று. 230 மி.மீ. இறக்கை, நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் ரெனால்ட்ஸ் எண் (காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) சுமார் ஒன்றரை லட்சம்தான் வரும். இந்த அளவில் கண்ணாடி மாதிரி பளபளப்புக்காக 400, 600 என்று தேய்ப்பதில் பலன் இல்லை. 220 வரை போதும், மேலே ஃபிலிம் வரப்போகிறது. முதல் 10 சதவீதம், அதாவது முன்னால் இருக்கும் 23 மி.மீ. சரியான வடிவத்தில் இருப்பதுதான் முக்கியம்.

பின்விளிம்பை உருட்டாதீர்கள். சதுரமாக வெட்டியே விடுங்கள், 1.5 மி.மீ. கனம். கத்தி மாதிரி மெலிய வைத்தால் ஃபிலிம் சுருங்கும்போது அலை அலையாக வளையும்.

பேட்டர்ன் மேசை (கோவை):

பின்விளிம்பு 1.5 வருவதற்கு எளிய வழி: மேசையில் அதன் பக்கத்திலேயே 1.5 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். கட்டையின் ஒரு முனை அதன் மேல் ஓடட்டும். பட்டையைத் தொட்டதும் தேய்வது தானாக நிற்கும், அளக்கவே வேண்டாம்.

பெரிய கோயில் தெரு (தஞ்சாவூர்):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பால்சா விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எங்கள் ஊரில் நெட்டியில் கோயில், தேர் எல்லாம் செய்கிறார்கள். அதுவும் பஞ்சு மாதிரிதான் எடை. இறக்கைக்கு ஆகாதா?

பேட்டர்ன் மேசை (கோவை):

நெட்டியைக் கையில் எடுத்து இரண்டு விரலால் ஒடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பால்சாவின் பெருமை எடையில் மட்டும் இல்லை. எடைக்கு ஏற்ற நீளவாட்டுப் பலம், அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் மொஸ்கிட்டோ விமானத்தின் உடம்பில் இரண்டு பிளைவுட் தோலுக்கு நடுவே அதை வைத்தார்கள். நெட்டிக்கு அந்தப் பலம் கிடையாது. இறக்கை நுனியில் ஒட்டும் டிப் கட்டைக்கு வேண்டுமானால் முயலுங்கள், அங்கே பெரிய சுமை இல்லை. செய்தால் படம் போடுங்கள், எனக்கும் ஆசையாக இருக்கிறது.

விலை விஷயம் உண்மை. பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்துதான் வருகிறது. நம் பல்லடம், கயத்தாறு பக்கம் சுற்றுகிற மாதிரிக் காற்றாலைகள் பலவற்றின் இறகுக்குள்ளும் அதைத்தான் வைக்கிறார்கள். 2020 வாக்கில் காற்றாலை செய்பவர்கள் வாங்கிக் குவித்ததில் நம் பக்கமும் விலை ஏறியது. அதனால் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்காமல் தராசு கொண்டுபோங்கள். 1 மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஷீட் 20 கிராமும் இருக்கும், 40 கிராமும் இருக்கும், இரண்டும் ஒரே விலை. முன்விளிம்புச் சட்டத்துக்கு நடுத்தரக் கெட்டியாக எடுங்கள். ஷீட் ரொம்ப மிருது, சட்டம் ரொம்பக் கெட்டி என்று சேர்த்தால் தேய்க்கும்போது மறுபடியும் வரப்பும் வாய்க்காலும்தான். வளைத்து ஒட்டும் ஷீட்டுக்கு, குறுக்கே சுருட்டிப் பார்த்தால் எளிதாக வளைவதை எடுங்கள். மீன் செதில் மாதிரி மினுமினுப்பு தெரியும் ஷீட் குறுக்கே வளையாது, பிளக்கும். அது ரிப்புக்கு.

காவிரிக்கரை (திருச்சி):

பதினொரு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சட்டத்தை வெட்டி எடுக்கும்போது மனசு பதறியது. வெட்டிய குறுக்குத் துண்டுகளைப் பார்த்தபின் பதற்றம் போய்விட்டது, அவ்வளவு கோணல். ஒரே இறக்கையில் மூன்று இடத்தில் மூன்று மூக்கு. க்ரோம்பேட்டைத் தங்கைக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன்.

இழைப்புளியில் முதல் நாள் முழுக்கக் கழிவுச் சட்டத்தில் பழகினேன். பிளேடை எவ்வளவு வெளியே நீட்டுவது என்பது பிடிபடவே ஒரு மணி நேரம். பிடிபட்டபின் காகிதம் மாதிரி சுருள் வர ஆரம்பித்தது, நிறுத்த மனசே இல்லை. எட்டுப்பட்டை வித்தை பிரமாதம் ஐயா. பட்டை ஒரு இடத்தில் அகலமாகிறது என்றால் அங்கே ஆழமாகப் போயிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மஞ்சள் பசை இங்கே இரண்டு கடையில் இல்லை, மூன்றாவதில் கிடைத்தது.

மாடிக்குப் போகவில்லை. கார் ஷெட்டில் ஈரத்துணி விரித்துத் தேய்த்தேன்.

இடது பாதி முன்பு 142 கிராம், இப்போது 146. வலது 143. நுனியில் ஒரு சின்ன ஆணி சொருகிச் சமன் செய்தேன். ஃபிலிம் ஒட்டி, சக்கரக் கம்பி மாற்றி, போன ஞாயிறு காலை ஆறரைக்கு, காற்று எழும்புமுன் பறக்கவிட்டேன். நல்ல உயரத்துக்குப் போய் மோட்டாரைக் குறைத்து, விமானத்தின் மூக்கைத் தூக்கிக்கொண்டே காத்திருந்தேன். இடது சாயவில்லை. ஒரு நொடி நின்றது, அப்புறம் வலது பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்றும் வலது. முன்பு மாதிரி சட்டென்று இல்லை, ஆனால் வலதுதான்.

பேட்டர்ன் மேசை (கோவை):

வலது இறக்கையில் கார்டு வைத்துப் பார்த்தீர்களா?

காவிரிக்கரை (திருச்சி):

இல்லை ஐயா. இடதுதான் கெட்டது, வலது நன்றாக இருக்கிறது என்று அதில் கை வைக்கவில்லை. பட்டைக்குப் பட்டை இரண்டு பக்கமும் செய்யச் சொன்னீர்கள், வலதில் பழைய சட்டத்தையே விட்டுவிட்டேன்.

இப்போது கார்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூக்கு 8இல் இல்லை. உடம்போடு சேரும் இடத்தில் 9, நுனிப் பக்கம் 9.5. கீழே இருந்து அதிகமாகத் தேய்த்திருக்கிறேன் போல, மேலே தொடவே இல்லை. டியூப் லைட்டில் பார்த்தால் கார்டுக்கு அடியில் ஒரு குச்சியே நுழையும் அளவுக்கு வெளிச்சம்.

மிச்சம் ஒரு சட்டம் இருக்கிறது, எடை போட்டுப் பார்த்தேன், இடதில் போட்டதைவிட ஒரு கிராம்தான் கூட. இன்று சாயங்காலம் வலது ஃபிலிமை உரிக்கிறேன்.

க்ரோம்பேட்டை ஏரோ:

அந்த மூன்று மூக்குத் துண்டுகளோடு வலதில் வெட்டுவதையும் தூக்கிப் போடாதீர்கள் அண்ணா. வகுப்பில் காட்ட வேண்டும், தபால் செலவு என்னுடையது.